எந்த வீதி முதலில், ஏன்?

யாழ் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மாவட்டச் செயலாளருக்கும், வட மாகாணத்தில் வீதிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், 2025 மே மாதம் நாங்கள் வாக்களித்து அனுப்பிய 17 உள்ளூராட்சி மன்றங்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் மாவட்டத்தில் திருத்த வேண்டிய வீதிகளைத் தெரிவு செய்யும் முறையைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இளைப்பாறிய ஆசிரியை. பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு அலுவலகத்திலிருந்து, அடுத்த வருடத்துக்கான முன்மொழிவுகளைத் தரும்படி அறிவித்தல் வரும். வாசிகசாலையில் கூடுவோம். யாருக்கு என்ன தேவை என்று கதைத்து, சில வேளை சண்டையும் பிடித்து, கடைசியில் ஒரு ஒழுங்கையின் பெயரை முதலாம் இலக்கத்தில் எழுதுவோம். அதே ஒழுங்கையை நான் என் கையால் ஏழு தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளம் 600 மீற்றர். எங்கள் பெடியங்கள் நாடா பிடித்து அளந்தது. அலுவலகத்திலிருந்து அளக்க யாரும் வந்ததில்லை. 43 குடும்பங்கள். செம்மண் தரை. ஐப்பசி மழை தொடங்கினால் மார்கழி முடியும் வரை கணுக்காலுக்கு மேலே சேறு. பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தி வரை நடந்து, கடைக் குழாயில் கால் கழுவி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். குடும்பநல மாது ஸ்கூட்டியைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்துதான் உள்ளே வருவார். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆசுபத்திரிக்குப் போகவேண்டிய ஒருவர் அங்கே இருக்கிறார். மழை நாளில் ஓட்டோ உள்ளே வராது. மகன் அவரைக் கதிரையில் இருத்தி, இன்னொருவரையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெங்காயமும் மரவள்ளியும் லான்ட்மாஸ்டரில்தான் வெளியே வரவேண்டும். அது புதைந்தால் அன்றைய சந்தை போய்விடும்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வட்டாரத்தில் ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டார்கள். ஆறு வீடு. நாலு பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் வெளிநாட்டில். அந்த ஒழுங்கைக்காரர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைத் தெரிவு செய்ததற்கு நியாயமான காரணம் இருந்திருக்கவும் கூடும். நிலம் மேடு, வடிகால் தேவையில்லை, செலவு குறைவு என்று ஏதாவது. ஆனால் அந்தக் காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. போய்க் கேட்டபோது முன்னுரிமை அடிப்படையில் தெரிவு செய்ததாகச் சொன்னார்கள். அந்த முன்னுரிமையை யார் இட்டது, எதைப் பார்த்து இட்டது, எங்கள் ஒழுங்கை அதில் எத்தனையாவது என்று கேட்டேன். பதில் இல்லை. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. மற்ற ஊர்ச் சங்கங்களில் இருப்பவர்களுடன் கதைத்தால் அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். வீதிகளைத் தெரிவு செய்து முடிக்கும் முன், கேட்கப்பட்ட எல்லா வீதிகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் கிடைத்த புள்ளியையும், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஊர் பார்க்கும்படி ஒட்டுங்கள். தெரிவானவற்றின் பட்டியலை மட்டும் ஒட்டினால் போதாது. தெரிவாகாதவையும் அதில் இருக்க வேண்டும், ஏன் தெரிவாகவில்லை என்பதும் இருக்க வேண்டும்.

ஒரு வீதி யாருடையது என்பதே எங்களுக்குக் குழப்பமான விஷயம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சமுள்ள ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையுடையவை. எங்கள் ஊரிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி ஒரு மணி நேரத்துக்குள் மூன்று சொந்தக்காரரின் வீதிகளையும் தாண்டிவிடுகிறார். அவருக்கு அது ஒரே பயணம். முறைப்பாடு கொடுக்கப் போனால்தான் மூன்றாகப் பிரிகிறது.

பணமும் அப்படித்தான். மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நிதி ஒரு பக்கம். பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி இன்னொரு பக்கம். கொழும்பு அமைச்சுகளின் கிராமிய வீதித் திட்டங்கள், சபைகளின் சொந்த வருமானம், ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் கடன் என்று மிச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். இப்படி இருக்கும்போது ஒரே வீதி இரண்டு பட்டியலில் ஏறுவதும், இன்னொரு வீதி எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போவதும் நடக்கத்தான் செய்யும். 2018 ஒக்ரோபரில் மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு, மாகாண வீதிகளைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்பதற்கு நாங்கள் தெரிந்தெடுத்த ஆட்களும் இல்லை. எல்லாப் பட்டியல்களும் ஒரே மேசைக்கு வரும் இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுதான். அதனால்தான் இந்த மடலை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

தெரிவு சரியாக இருந்தால் சனம் குறை சொல்லாது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபோது ஏன் இந்தப் பாலம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனையிறவை விட்டால் குடாநாட்டுக்கு வேறு தரைவழி இல்லாமல் இருந்ததை நாங்கள் எல்லோரும் பட்டு அறிந்தவர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கி, முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் என்று அறிவித்தபோதும் அப்படியே. மழைக்கு வெள்ளம் மேவும் அந்தப் பாலத்தால் ஒரு தடவை போய் வந்தவருக்கே காரணம் விளங்கிவிடும். ஆனால் அந்த 5,000 மில்லியன் எங்கள் மாவட்டத்தில் எந்தெந்த ஒழுங்கைக்கு, எந்த அளவுகோலில் பிரிந்தது? பெரிய பாலத்துக்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 600 மீற்றர் ஒழுங்கைக்கு அப்படி இல்லை. காரணத்தை எழுதி வைத்தால்தான் மற்றவருக்குத் தெரியும்.

அடுத்தது காலம். நிதியாண்டு தை முதலாம் திகதி தொடங்குகிறது. ஒதுக்கீடு வந்து, வீதிகளைத் தெரிந்து, மதிப்பீடு போட்டு, கேள்வி (டெண்டர்) கோரி, கொந்தராத்துக்காரர் கல்லைக் கொண்டுவந்து பறிக்கும்போது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் புரட்டாசி வந்துவிடும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை. மார்கழி 31 இல் கணக்கு மூட வேண்டும், செலவழியாத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். அதனால் ஈரத் தரையில் அவசர அவசரமாகத் தார் ஊற்றுகிறார்கள். அடுத்த ஆனியில் அந்த வீதி பொருக்குப் பொருக்காகக் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். மாசி முதல் ஆவணி வரை வெயில் எரித்துக்கொண்டிருக்கும். அந்த ஏழு மாதமும் கடிதப் போக்குவரத்திலேயே போய்விடுகிறது. வரிசைப்படுத்திய பட்டியலும் மதிப்பீடும் முந்திய வருடமே தயாராக இருந்தால், பணம் வந்த கிழமையே மேலே இருக்கும் வீதியில் வேலையைத் தொடங்கலாம். பட்டியலை வெளியிடச் சொல்வது எங்கள் மன ஆறுதலுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தாரைக் காப்பாற்றும் வழியும் தான்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமானாலும், 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமானாலும், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. அவசரத் திட்டமென்றால் ஒரு வாரம் முன்பு. இன்றைய கல், சீமெந்து விலைக்கு ஒரு சின்ன ஒழுங்கைக்கே 5 இலட்சம் காணாது. ஆகவே எங்கள் வீதிகளில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்குள் வரும். எங்கள் ஊரிலோ, வேலை முடிந்த பிறகு நடும் பெயர்ப்பலகையில்தான் நாங்கள் முதல் தடவை தொகையை வாசிக்கிறோம்.

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது நாலு வருடத்துக்கான போக்குவரத்துத் திட்டப் பட்டியலை எழுதி, மக்களின் கருத்தைக் கேட்டு வெளியிட வேண்டும் என்று அவர்களுடைய மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட முடியாத வேலையை அந்தப் பட்டியலில் போடக் கூடாது. இந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. தேர்தல் மேடையில் சொன்ன வீதிக்கும் பணம் இருக்கிற வீதிக்கும் உள்ள வித்தியாசம் அதில் வெளிச்சமாகிவிடும்.

அங்கே வெர்ஜினியா என்ற மாநிலம் 2014 இல் சட்டம் போட்டு இன்னும் ஒரு படி போனது. வரும் ஒவ்வொரு திட்டத்துக்கும் புள்ளி போடுகிறார்கள். விபத்து எவ்வளவு குறையும், நெரிசல் எவ்வளவு குறையும், வேலைக்கும் சேவைகளுக்கும் போய்ச்சேர எவ்வளவு இலகுவாகும், பொருளாதாரத்துக்கு என்ன, சுற்றாடலுக்கு என்ன என்று பார்க்கிறார்கள். பிறகு அந்தப் புள்ளியை, கேட்கும் பணத்தால் பிரிக்கிறார்கள். இதனால் குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும் சின்ன வேலை, பெரிய வேலையைத் தாண்டி மேலே வரலாம். புள்ளிகளை யாரும் பார்க்கலாம். நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் ஒரே நிறை வைப்பதில்லை. நெரிசலுக்கு நகரத்தில் கூடிய நிறை, கிராமத்தில் குறைந்த நிறை. கடைசி முடிவை அங்கேயும் ஆட்கள்தான் எடுக்கிறார்கள். ஆனால் மேலே இருந்ததை விட்டுக் கீழே இருந்ததை எடுத்தால், எடுத்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சரி, இதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தீவகம் அடிபட்டுப் போகும் என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. நான் தீவில் சில வருடம் படிப்பித்தவள். தலையை எண்ணிப் புள்ளி போட்டால் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒருநாளும் முறை வராது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். காற்றுக் காலத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண் அந்தக் கடலைக் கடப்பதை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் பத்து நிமிடம் தாமதமாவதோடு ஒரே தராசில் வைக்க முடியாது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்கிறோம். அந்தப் பாதை பழுதாகி நின்றால், கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்குப் போக யாழ்ப்பாணம் பட்டணத்தைச் சுற்ற வேண்டும். ஆகவே மாற்றுவழி இல்லாத இடத்துக்குத் தனி நிறை வேண்டும். இறங்குதுறையும் படகும் வீதிக் கணக்குக்குள்ளே வரவேண்டும். மீள்குடியேறிய ஊர்களுக்கும் அப்படித்தான். முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த ஊரில் இன்று போகும் வாகனத்தை எண்ணினால் என்ன கிடைக்கும்? நிறையை நீங்களே வையுங்கள். வைத்ததை எழுதி ஒட்டுங்கள்.

புள்ளி போடும்போது தண்ணீரை மறக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். விழும் மழை குளத்துக்கும் கேணிக்கும் கடலுக்கும் போவதற்கு முன்னோர் வெள்ள வாய்க்கால் வைத்திருந்தார்கள். பல இடங்களில் ஒழுங்கையே வாய்க்காலாகவும் இருந்தது. இப்போது பழைய தார் மேல் கல்லைப் போட்டு, அதன் மேல் காப்பெற் என்னும் வழவழப்பான தார்த் தளம் போடுகிறார்கள். வீதி உயர்கிறது. இரு பக்கமும் மதில். மதகு இருந்த இடம் மூடப்பட்டுவிட்டது. அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் வருகிறது. 2024 நவம்பர் கடைசி மழைக்கு எங்கள் ஊரில் முதலில் வெள்ளம் ஏறிய வீடுகள், புதிதாகப் போட்ட வீதியின் ஓரத்து வீடுகள்தான். ஒரு அம்மா நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, வீதி கேட்டுக் கையெழுத்து வைத்தவர்களில் தானும் ஒருத்தி என்று சொல்லி அழுதா. அவவுக்கு நான் என்ன சொல்வது? மதகுக்கும் வடிகாலுக்கும் மதிப்பீட்டில் இடம் இல்லாத வீதிக்குப் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கிலோமீற்றர் போடும் காசில் ஒன்றரைக் கிலோமீற்றரைத் தண்ணீர் ஓடும்படி போட்டால் நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம்.

2025 நவம்பரில் தித்வா புயல் நாடு முழுக்க வீதிகளையும் பாலங்களையும் உடைத்துப் போட்டது. மலைநாட்டில் மண்சரிவில் ஊரோடு போனவர்களை நினைத்தால் எங்கள் சேறு பெரிதில்லை. பணம் முதலில் அங்கே போகவேண்டும், அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால் மிச்சம் வருவது குறைவு என்றால் அதை எங்கே போடுவது என்பதில் இன்னும் கவனம் வேண்டும் அல்லவா?

பணம் அதிகம் தேவைப்படாத வேலைகளும் உண்டு. வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறந்தது. மூன்று பத்தாண்டுக்கு மேல் இராணுவம் மூடி வைத்திருந்த வீதி. திறந்தபோது நேரக் கட்டுப்பாடும் மற்றக் கட்டுப்பாடுகளும் இருந்தன. என்றாலும் அன்று அந்தப் பக்கத்துச் சனம் வீதியோரத்தில் கண்ணீரோடு நின்றது. அதற்குக் கல்லும் தாரும் அல்ல, ஒரு முடிவுதான் தேவைப்பட்டது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் 24 வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் வந்தது எங்கள் எல்லோருக்கும் பெருமை. ஆனால் பாதுகாப்புக் கதவு இல்லாத ரயில் கடவைகளில் இன்றும் உயிர் போகிறது. ஒரு கடவைக்குக் கதவும் காவலும் போடும் செலவையும், அது காப்பாற்றும் உயிரையும் வைத்துப் புள்ளி போட்டால் அது பட்டியலின் எந்த இடத்தில் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். காப்பெற் வீதிகளில் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரம் விடாததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீதி அழகாகிய பிறகு வாகனம் பறக்கிறது. பிள்ளை போவதற்கு இடமில்லை.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஐ ரோட் திட்டத்தில், வீதியைப் போட்ட ஒப்பந்தக்காரரே பிறகு சில வருடம் அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நல்ல ஏற்பாடு. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது கிண்டிப் போட்டபடி கிடந்த வீதிகளின் தூசியை நாங்கள் வருடக்கணக்கில் விழுங்கினோம். அதனால்தான் சொல்கிறேன், புதிய வீதி போடுவதற்கு முன் இருக்கிற வீதியின் குழியை மூட ஒரு பங்கை ஒதுக்கி, அதையும் அந்தப் பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள். குழி சின்னதாக இருக்கும்போது ஒரு சட்டி தாரோடு முடிகிற வேலை அது.

இனி என் கோரிக்கையை நடைமுறையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆவணி முடிவதற்குள் அடுத்த வருடத்துக்கான முழுப் பட்டியலைத் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்திலும் சபை அலுவலகத்திலும் கிராம அலுவலரிடமும் வாசிகசாலைகளிலும் ஒட்டுங்கள். இணையத்தில் போடுவது நல்லதுதான், ஆனால் எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேருக்கு அது எட்டாது. வீதியின் பெயர், நீளம், யாருடைய வீதி, எத்தனை குடும்பம், கடைசியாக எந்த வருடம் வேலை நடந்தது, மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதி, கிடைத்த புள்ளி, தெரிவாகாவிட்டால் காரணம். இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும். ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, எங்கள் ஆட்சேபங்களை எழுத்தில் வாங்கி, பிறகு கூட்டத்தில் முடிவெடுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுடையது, அதில் நாங்கள் கைவைக்கவில்லை.

முதல் வருடம் மாவட்டம் முழுவதும் செய்வது கடினம் என்றால் ஒரு பிரதேச செயலாளர் பிரிவில் தொடங்குங்கள். அளப்பதற்கு ஆள் காணாது என்றால் எங்கள் சங்கம் அளந்து தரும். எங்கள் ஊரில் நாடாவும் இருக்கிறது, பெடியங்களும் இருக்கிறார்கள். குடும்பங்களின் எண்ணிக்கை, நோயாளிகள், பள்ளிப் பிள்ளைகள், மழைக்குத் தண்ணீர் நிற்கும் நாட்கள் என்று எல்லாவற்றையும் எழுதித் தருவோம். எங்கள் ஒழுங்கையை விடப் பக்கத்து ஊர் ஒழுங்கைக்கு அவசரம் கூட என்று அந்தக் கணக்கு காட்டினால், அதை நான் எங்கள் கூட்டத்தில் எழுந்து வாசிப்பேன். 43 குடும்பமும் ஏற்றுக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்தச் சனத்தை எனக்குத் தெரியும்.

எட்டாவது முன்மொழிவை இந்த மாதம் கொடுக்கப் போகிறேன். இந்த முறை வரைபடமும், மழை நாளில் எடுத்த படங்களும், 43 வீட்டுக் கையெழுத்தும் இணைத்திருக்கிறேன். கிடைக்காது என்றாலும் பரவாயில்லை. எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம், எங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
வலிகாமம்